77 வென்றும் இரண்டாமிடம்! ஹன்ஷின் டைகர்ஸ் சீசன்: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழில் ஜப்பானிய தொழில்முறை பேஸ்பால் மட்டும். அங்கே சென்ட்ரல், பசிஃபிக் என்று இரண்டு லீக்குகள்; ஹன்ஷின் இருப்பது சென்ட்ரலில். கேட்டவர்களில் பலர் ஹன்ஷின் டைகர்ஸ் பக்கம் சாய்ந்தவர்கள் என்பது கேள்விகளிலேயே தெரிகிறது. அதனால் அந்த அணியின் சீசனை வைத்தே பதில் சொல்கிறோம்.

கேள்வி: 2021இல் ஹன்ஷின் 77 ஆட்டங்களில் வென்றது. யாகுல்ட் ஸ்வாலோஸ் வென்றது 73தான். ஆனால் சென்ட்ரல் லீக் பட்டம் யாகுல்ட்டுக்குப் போனது. இது என்ன கணக்கு?

புள்ளிப் பட்டியல் என்று நினைத்துப் பார்ப்பதால் வரும் குழப்பம். அங்கே வெற்றிக்கு இத்தனை புள்ளி, டிராவுக்கு இத்தனை புள்ளி என்று எதுவும் கிடையாது. வெற்றி விகிதம் ஒன்றுதான் அளவுகோல். வெற்றிகளின் எண்ணிக்கையை, வெற்றியும் தோல்வியும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். டிராவான ஆட்டம் மேலேயும் வராது, கீழேயும் வராது. நடக்காத ஆட்டம்போல ஒதுக்கிவிடுவார்கள்.

யாகுல்ட் 73 வெற்றி, 52 தோல்வி, 18 டிரா. 73ஐ 125ஆல் வகுத்தால் .584. ஹன்ஷின் 77 வெற்றி, 56 தோல்வி, 10 டிரா. 77ஐ 133ஆல் வகுத்தால் .579. அவ்வளவுதான் விஷயம். டிராவுக்கு அரை வெற்றி என்று கணக்கு வைத்திருந்தால் இரண்டு அணிகளும் 82இல் வந்து நின்றிருக்கும். முதலிடத்துக்கு எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறது என்று பட்டியலில் ஒரு கட்டம் இருக்குமே, அதில் ஹன்ஷினுக்கு நேராகக் கடைசி நாளில் இருந்த எண்ணும் 0தான்.

அந்த ஆண்டு டிரா இவ்வளவு குவிந்ததற்குக் காரணம் கொரோனா. இரு அணிகளும் தலா ஒரு முறை அடிக்கும் சுற்று ஒரு இன்னிங்ஸ். அந்த ஆண்டு கூடுதல் இன்னிங்ஸே இல்லாமல் 9 இன்னிங்ஸோடு முடித்துக்கொண்டார்கள். வழக்கமான ஆண்டுகளில் 12 இன்னிங்ஸ் வரை ஆடுவார்கள். அப்போதும் சமம் என்றால்தான் டிரா.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாதிக்கு மேல் வெல்லும் அணிக்கு டிரா என்பது அரை வெற்றியைவிட மதிப்பு கூடியது. அரை வெற்றி என்றால் விகிதம் .500ஐ நோக்கி இழுபடும். டிராவால் விகிதம் அசையாது. இதனால்தான் 12ஆவது இன்னிங்ஸில் பயிற்சியாளர்கள் விசித்திரமாக நடந்துகொள்வதுபோல் தெரியும். விருந்தினர் அணி அடிக்கும் 12இன் முதல் பாதி சமமாக முடிந்துவிட்டால் அந்த அணி இனி வெல்லவே முடியாது. ஆனாலும் மீதியிருக்கும் நல்ல பிட்ச்சரை (பந்து வீசுபவரை) இறக்கும். தோற்காமல் தப்பினால் அதுவே லாபம்.

இது 2021இல் புதிதாக நடந்ததும் அல்ல. 1988இல் பசிஃபிக் லீக்கில் கின்டெட்சு 74 வெற்றி, 52 தோல்வி, 4 டிரா. செய்பு 73 வெற்றி, 51 தோல்வி, 6 டிரா. பட்டம் செய்புவுக்கு. அக்டோபர் 19 அன்று கவாசாகி மைதானத்தில் லோட்டேவுக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். இரண்டையும் வென்றால் பட்டம் கின்டெட்சுவுக்கு. முதலாவதை 4–3 என்று வென்றார்கள். இரண்டாவது 4–4 என்று நின்றது. 4 மணி நேரம் தாண்டினால் புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்பது அப்போதைய விதி. 10 இன்னிங்ஸோடு ஆட்டமும் முடிந்தது, பட்டமும் போனது.

எனவே பட்டியலைப் பார்க்கும்போது கண் முதலில் தோல்விக் கட்டத்துக்குப் போகட்டும். ஆகஸ்ட் வரை இது ஒன்றே போதும்.

கேள்வி: ஒரு சீசனுக்கு 143 ஆட்டங்கள் என்கிறார்கள். இது எப்படி வந்தது? ஆண்டு முழுக்க ஆடுவார்களா?

லீக்குக்கு 6 அணிகள். சொந்த லீக்கின் மற்ற 5 அணிகளோடு தலா 25 ஆட்டங்கள், ஆக 125. எதிர் லீக்கின் 6 அணிகளோடு தலா 3, ஆக 18. மொத்தம் 143. இரு லீக்குகளும் மோதும் இந்தப் பகுதி 2005இல் 36 ஆட்டங்களோடு தொடங்கியது. 2015 முதல் 18.

பிப்ரவரி 1 அன்று எல்லா அணிகளும் பயிற்சி முகாமில் இறங்கும். ஹன்ஷினின் முதல் அணிக்கு (லீக் ஆட்டங்களில் ஆடும் பிரிவு; மற்றவர்கள் இரண்டாம் அணி) ஒக்கினாவாவில் கினோசா. பிப்ரவரி கடைசியிலிருந்து பயிற்சி ஆட்டங்கள், மார்ச் கடைசியில் சீசன் தொடக்கம். மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை எதிர் லீக் ஆட்டங்கள், ஜூலையில் நட்சத்திர வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார். அக்டோபர் தொடக்கத்தில் லீக் முடியும். பிறகு பிளேஆஃப், கடைசியாக லீக்குக்கு ஒரு அணி வீதம் மோதும் ஜப்பான் தொடர். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டும் அக்டோபரில்தான்.

வாரத்துக்கு 6 ஆட்டங்கள், செவ்வாய் முதல் ஞாயிறு வரை. பெரும்பாலும் ஒரே எதிரணியோடு 3, அடுத்த எதிரணியோடு 3. திங்கள் ஓய்வு. இந்த வார அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதில் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

கேள்வி: நேற்று 8 இன்னிங்ஸ் அருமையாக வீசிய பிட்ச்சரை இன்று பதிவுப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். காயம் எதுவும் இல்லையாம். தண்டனையா?

தண்டனை இல்லை. இடத்தை மிச்சம் பிடிக்கும் வேலை.

ஒரு அணி ஒப்பந்தத்தில் வைத்திருக்கக்கூடிய முழுத் தகுதி வீரர்கள் 70 பேர். அதற்கு வெளியே மூன்று இலக்க எண் அணிந்த வளர்ப்பு வீரர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் அவர்கள் முதல் அணி லீக் ஆட்டத்தில் ஆட முடியாது. அந்த 70 பேரில் முதல் அணியில் பதிவு செய்யக்கூடியவர்கள் 31 பேர். ஒவ்வொரு நாளும் பெஞ்சில் உட்கார அனுமதி 26 பேருக்கு. மீதி 5 பேர் யார் என்று பார்த்தால் விஷயம் புரியும்.

வாரத்துக்கு 6 ஆட்டம், 6 தொடக்கப் பிட்ச்சர்கள். செவ்வாய் வீசியவர் மறுபடி அடுத்த செவ்வாய்தான் வீசுவார், நடுவில் 6 நாள் ஓய்வு. அமெரிக்காவில் 4 அல்லது 5 நாள் ஓய்வில் வீசுகிறார்கள். ஜப்பானில் திங்கள் ஓய்வு இருப்பதால் வாரச் சுழற்சி இயல்பாகவே அமைந்துவிடுகிறது. அன்றைக்கு வீசுபவரைத் தவிர மற்ற 5 தொடக்கப் பிட்ச்சர்களும் பெஞ்சில் இருந்து பயனில்லை. 31இல் 26 போக மீதி 5 அவர்கள்தான்.

இப்போது நீக்கத்துக்கு வருவோம். பதிவிலிருந்து நீக்கப்பட்டவரை 10 நாள் கழியாமல் மறுபடி சேர்க்க முடியாது. ஜூன் 1 அன்று நீக்கினால் ஜூன் 11 முதல்தான் சேர்க்கலாம். செவ்வாய் வீசியவரைப் புதன்கிழமை நீக்கினால் அடுத்த செவ்வாய் அவர் வீச முடியாது, அதற்கடுத்த செவ்வாய் வீசலாம். அதாவது ஒரே ஒரு முறை தவறும். அந்த இடைவெளியில் அவர் இடத்தில் கூடுதலாக ஒரு ரிலீஃப் பிட்ச்சரையோ (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசுபவர்), ஓடுவதில் கெட்டிக்காரரையோ வைத்துக்கொள்ளலாம். ஆல்-ஸ்டார் இடைவேளைக்கு முன்பும், மழையால் ஆட்டங்கள் குறைந்த வாரங்களிலும் இப்படிச் செய்வது வழக்கம், ஏனென்றால் அப்போது 6 பேரும் தேவைப்படுவதில்லை.

இது எங்கே கவிழும் என்றால், ஒருவரை நீக்கிய மூன்றாம் நாளே இன்னொரு தொடக்கப் பிட்ச்சருக்குத் தோள் வலி வரும்போதுதான். நீக்கியவரைத் திரும்ப அழைக்க வழியில்லை. இரண்டாம் அணியிலிருந்து ஒருவரை அவசரமாக ஏற்ற வேண்டும். அந்த ஒரு ஆட்டத்தை நீட்டி முடிக்க 5 ரிலீஃப் பிட்ச்சர்களைச் செலவழித்தால், அதன் விலை அடுத்த இரண்டு நாள்களில் தெரியும். ஓர் அணி திடீரென்று 4, 5 ஆட்டம் தொடர்ந்து தோற்றால், முதல் தோல்விக்கு முந்தைய வாரத்தின் பதிவு மாற்றங்களைப் பாருங்கள். பாதி நேரம் காரணம் அங்கேதான் இருக்கும்.

வெளிநாட்டு வீரர்களுக்குத் தனி வரம்பு உண்டு. முதல் அணியில் 5 பேர் பதிவு, பெஞ்சில் 4 பேர். எனவே நல்ல ஃபார்மில் இருக்கும் வெளிநாட்டவர் ஒருவர் வெளியே உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெரும்பாலும் இந்த எண்ணிக்கைதான் காரணம்.

கேள்வி: ஆகஸ்டில் ஹன்ஷின் சொந்த மைதானத்தில் ஆடுவதே இல்லையே. யார் விரட்டுகிறார்கள்?

பள்ளிப் பிள்ளைகள்! ஹன்ஷினின் சொந்த மைதானமான கோஷியன் 1924 ஆகஸ்ட் 1 அன்று திறக்கப்பட்டபோது ஹன்ஷின் அணியே கிடையாது. அணி 1935 டிசம்பரில்தான் பிறந்தது. மைதானம் கட்டப்பட்டதே உயர்நிலைப் பள்ளிகளின் பேஸ்பாலுக்காக. இன்றும் கோடைப் போட்டியில் 49 பள்ளிகள் அங்கே வந்து ஆடுகின்றன. மைதானத்துக்குச் சொந்தக்காரர் ஹன்ஷின் ரயில் நிறுவனமே ஆனாலும், ஆகஸ்டில் முன்னுரிமை மாணவர்களுக்கு.

அந்தக் காலத்தில் அணி வாரக்கணக்கில் ஊர் ஊராக அலையும். ரசிகர்கள் அதற்கு 'சாவுப் பயணம்' என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய கோடைப் புழுக்கத்தில் ரயில், ஹோட்டல், மைதானம் என்று சுற்றினால் முதலில் தளர்வது தினமும் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்ச்சரும் ரிலீஃப் பிட்ச்சர்களும்தான். 1997இல் ஒசாகா டோம் திறந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போது கியோசெரா டோம் என்று அழைக்கப்படும் அந்த இடத்தில் ஆகஸ்டின் சில உள்ளூர் ஆட்டங்களை நடத்துகிறார்கள். கூரை, குளிர்சாதனம், வீட்டிலிருந்தே போய்வரும் தூரம். எனவே ஆகஸ்டில் ஹன்ஷின் சரிந்தால் சாவுப் பயணத்தின்மேல் பழி போடும் பழக்கத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். மார்ச்சில் வசந்தகாலப் பள்ளிப் போட்டி நடப்பதால் தொடக்க வார உள்ளூர் ஆட்டங்களும் கியோசெராவுக்குப் போவதுண்டு.

கேள்வி: கோஷியனில் இடது கை பேட்டர்கள் ஹோம் ரன் அடிப்பது (பந்தை வேலி தாண்டி அனுப்புவது) கஷ்டம் என்கிறார்களே, உண்மையா? தரையும் வேறு மாதிரியாமே?

இரண்டும் உண்மை.

முதலில் காற்று. கடல் பக்கமிருந்து வரும் காற்று வலது வெளிக்களத்திலிருந்து இடது பக்கமாக அடிக்கும். இடது கை பேட்டர் பந்தை இழுத்து அடித்தால் அது வலது பக்கம்தான் பறக்கும், அதாவது காற்றுக்கு எதிரே. அடிக்கும் இடத்திலிருந்து வேலி கோட்டோரம் 95 மீட்டர், நடுவில் 118 மீட்டர். ஓரத்தின் அளவைப் பார்த்துச் சின்ன மைதானம் என்று ஏமாறக் கூடாது. ஓரத்திலிருந்து உள்ளே வர வர வேலி சட்டென்று விலகிவிடும். 1947 முதல் 1991 வரை வெளிக்களத்தில் முன்தள்ளி ஒரு உள்வேலி இருந்தது. 'லக்கி ஸோன்' என்பார்கள். அதை எடுத்த பிறகு ஹோம் ரன் இன்னும் அரிதானது.

சமாளிக்கும் வழி இரண்டு. ஹன்ஷினின் இடது கை பேட்டர் ரேண்டி பாஸ் 1985இல் 54 ஹோம் ரன் அடித்தபோது பந்தை எதிர்ப்பக்கம், இடது வெளிக்களத்துக்குத் தூக்கிக் காற்றைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். (அப்போது உள்வேலி இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.) இன்னொரு வழி, காற்றையே பொருட்படுத்தாத பலம். ஹன்ஷினின் டெருஅகி சாட்டோ 2025இல் 40 ஹோம் ரன் அடித்து, தன் அடிகளால் அணிக்கு 102 ரன் சேர்த்து லீக்கின் சிறந்த வீரரானார். உள்வேலி இல்லாத கோஷியனைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு ஓர் இடது கை பேட்டர் 40 அடிப்பதை வேறு மைதானத்துக்காரரின் 40உடன் ஒப்பிடுவது நியாயமல்ல.

அடுத்து தரை. உள்களம் முழுக்க மண், செயற்கைப் புல் இல்லை. கரிசல் மண்ணும் மணலும் கலந்தது. வசந்தத்தில் மழை அதிகம் என்பதால் மணலைக் கூட்டுவார்கள், நீர் சீக்கிரம் இறங்கும். கோடையில் வெயில் கண்ணைக் கூசும், வெள்ளைப் பந்து தெளிவாகத் தெரிய கரிசலைக் கூட்டுவார்கள். குளிர்காலத்தில் மண்ணை ஆழமாகத் தோண்டிப் புரட்டி மறுபடி கெட்டிப்படுத்துவார்கள். ஹன்ஷின் எங்கெய் என்ற பராமரிப்புக் குழுவுக்கு வீரர்களுக்கு இணையான பெயர் உண்டு என்றால் மிகையில்லை.

ஆனாலும் மண் மண்தான். ஆட்டத்தின் பிற்பாதியில் காலணித் தடங்கள் பதிந்த இடத்தில் பந்து திடீரென்று எகிறும். செயற்கைத் தரையில் பழகிய உள்களத்தார் பந்துக்காகக் காத்து நிற்பார்கள். கோஷியனில் காத்தால் கெட்டது, முன்னேறி வந்து குறைந்த துள்ளலில் எடுக்க வேண்டும். 2018 முதல் 2022 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் களத்தடுப்பில் லீக்கிலேயே அதிகப் பிழை செய்த அணி ஹன்ஷின். அதில் மண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கலாம், முழுப் பங்கு இல்லை. வீரர்களை இன்று இந்த இடம், நாளை அந்த இடம் என்று மாற்றிக்கொண்டே இருந்ததுதான் பெரிய காரணம்.

கேள்வி: 2022இல் சாதாரணமாக இருந்த அணி 2023இல் எப்படி 85 ஆட்டங்கள் வென்றது? பெரிய வீரர் யாரும் வந்ததாகத் தெரியவில்லையே?

பயிற்சியாளராகத் திரும்பி வந்த அகினோபு ஒகாடா செய்த இரண்டு காரியங்களைச் சொன்னால் போதும்.

ஒன்று, களத்தில் யார் எங்கே நிற்பது என்பதை நிலைநிறுத்தினார். ஒயாமா முதல் பேஸில் (பேஸ் என்பது ஓடுபவர் தொட்டுச் செல்லும் நிலை), சாட்டோ மூன்றாவது பேஸில், ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) இருந்த நக்கானோ இரண்டாவது பேஸுக்கு. அதன்பின் கிட்டத்தட்ட அசைக்கவில்லை.

இரண்டாவதுதான் சுவையானது. அடிக்கும் எல்லைக்கு வெளியே வரும் பந்துக்குப் பெயர் 'பால்'; அப்படி நான்கை அடிக்காமல் விட்டால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம். இப்படி நான்கு பால் பெற்று பேஸுக்குப் போவதற்கு, வீரர்களின் சம்பள மதிப்பீட்டில் கூடுதல் புள்ளி கொடுக்கும்படி நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினார். "பொறுமையாக நில்லுங்கள்" என்று கூட்டம் போட்டுச் சொல்வதைவிட, பொறுமைக்குக் காசு உண்டு என்பது வேகமாக வேலை செய்யும். 2022இல் 358 ஆக இருந்த நான்கு பால் நடைகள் 2023இல் 494 ஆயின. அணியின் ஹோம் ரன் எண்ணிக்கை இரண்டு ஆண்டும் அதே 84தான். ரன்கள் மட்டும் 489இலிருந்து 555க்கு ஏறின. பந்தை வெளியே அடிக்கும் பலம் கூடாமலே 66 ரன் கூடுதல்!

இதனால் எதிரணிக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. நான்கு பால் கொடுக்கும் பிட்ச்சர் அதிகப் பந்து வீசுகிறார், 7ஆவது இன்னிங்ஸில் வர வேண்டிய ரிலீஃப் 5இலேயே வர வேண்டியதாகிறது. மூன்று ஆட்டத் தொடரின் முதல் நாளில் இது நடந்தால் மூன்றாம் நாள்வரை வலிக்கும். 85 வெற்றி, 53 தோல்வி, 5 டிராவோடு 18 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம். பிறகு பசிஃபிக் லீக்கின் ஓரிக்ஸை 4–3 என்று வீழ்த்தி ஜப்பான் தொடர். அது 1985க்குப் பின் முதல் முறை, வரலாற்றிலேயே இரண்டாவது.

கேள்வி: 'மேஜிக் விளக்கு எரிந்தது' என்று செப்டம்பரில் செய்தி வருகிறதே, அது என்ன?

இன்னும் எத்தனை வென்றால் பட்டம் உறுதி என்பதே மேஜிக் எண். ஆனால் ஜப்பானில் அது எப்போதும் இருக்காது. மற்ற எந்த அணியும் தன் மீதி ஆட்டங்கள் அத்தனையையும் வென்றாலும், முதலிடத்து அணி தடுமாறாமல் இருக்கும்வரை எட்ட முடியாது என்ற நிலை வந்தால்தான் விளக்கு எரியும்.

ஒரு கற்பனை உதாரணம். அணி அ: 80 வெற்றி, 50 தோல்வி, 3 டிரா. அணி ஆ: 75 வெற்றி, 55 தோல்வி, 3 டிரா. இரண்டுக்கும் மீதி 10 ஆட்டங்கள், அதில் 3 ஒன்றுக்கொன்று எதிராக. ஆ பத்தையும் வென்றால் 85–55, விகிதம் .607. அப்போது அ அந்த 3 நேரடி ஆட்டங்களில் தோற்று மீதி 7ஐயும் வென்றால் 87–53, விகிதம் .621. ஆ எட்ட முடியாது, விளக்கு எரியும். நேரடி ஆட்டங்கள் 6 மீதி இருந்தால்? அ அதிகபட்சம் 84–56, அதாவது .600. விளக்கு எரியாது.

எரிந்த பிறகு எண் எவ்வளவு? அ 5 வென்றால் 85–55, ஆவுக்குச் சமம். 6 வென்றால் 86–54, .614. எனவே மேஜிக் 6. அ வென்றால் ஒன்று குறையும், ஆ தோற்றால் ஒன்று குறையும், அ நேரடியாக ஆவை வென்றால் இரண்டு குறையும். அ தோற்றால் எண் அப்படியே நிற்கும். ஆனால் ஆ சொந்த பலத்தில் முந்தும் வாய்ப்பு திரும்ப வந்துவிட்டால் விளக்கே அணைந்துவிடும்.

டிரா என்றால்? அ ஒரு ஆட்டத்தை டிரா செய்துவிட்டு மீதி 9இல் 5 வென்றால் 85–54, .612. ஆவால் .607க்கு மேல் போக முடியாது. ஆக இந்த உதாரணத்தில் ஒரு டிராவே மேஜிக்கை 6இலிருந்து 5 ஆக்கிவிடுகிறது. முதல் பதிலில் சொன்ன கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது.

முன்னிலையை மட்டும் நம்ப வேண்டாம். 2008இல் ஹன்ஷின் ஜூலையில் 13 ஆட்டங்கள் முன்னிலையில் இருந்து, கடைசியில் யோமியுரி ஜயன்ட்ஸிடம் பட்டத்தைப் பறிகொடுத்தது. 2025இல் நேரெதிர்: செப்டம்பர் 7 அன்றே பட்டம் உறுதி, இரு லீக் முறை வந்தபின் இவ்வளவு சீக்கிரம் யாரும் முடித்ததில்லை.

கேள்வி: 2025இல் 13 ஆட்ட இடைவெளியில் லீக்கை வென்ற பிறகு இரண்டாமிடம் வந்த அதே டிஎன்ஏ பேஸ்டார்ஸோடு மறுபடி ஆட வைத்தது அநியாயம் இல்லையா?

அநியாயம் என்று சொல்பவர்கள் ஜப்பானிலும் நிறைய உண்டு. 2007 முதல் இரு லீக்குகளிலும் நடக்கும் கிளைமாக்ஸ் சீரிஸ் என்ற பிளேஆஃப் அது. 2025 வரை இருந்த முறை: இரண்டாம், மூன்றாம் இட அணிகள் 3 ஆட்டங்கள், எல்லாமே இரண்டாமிடத்தார் மைதானத்தில். வென்றவர் முதலிடத்தாரோடு அதிகபட்சம் 6 ஆட்டங்கள், எல்லாமே முதலிடத்தார் மைதானத்தில். முதலிடத்தாருக்குத் தொடக்கத்திலேயே ஒரு வெற்றி இலவசம். யார் முதலில் 4 எடுக்கிறாரோ அவர் ஜப்பான் தொடருக்குப் போவார். வெற்றிகள் சமமானால் மேலே முடித்தவருக்கே. எனவே முதல் கட்டத்தில் இரண்டாமிடத்தாருக்கு ஒரு வெற்றியும் ஒரு டிராவும் போதும்.

இந்தச் சலுகையை மீறியும் வர முடியும் என்பதற்கு 2010 லோட்டே, 2024 டிஎன்ஏ என்று இரண்டு மூன்றாமிடத்தார் ஜப்பான் சாம்பியன் ஆகியிருக்கிறார்கள். டிஎன்ஏ அந்த ஆண்டு லீக்கில் வெறும் 71 வெற்றி, 69 தோல்வி, 3 டிரா. ஹன்ஷினுக்கும் இந்த முறையால் லாபம் உண்டு: 2014இல் இரண்டாமிடத்திலிருந்து போய் ஜயன்ட்ஸை அவர்கள் மைதானத்திலேயே சாய்த்தது. லீக் பட்டம் எப்படியும் லீக்கை வென்றவரிடமேதான் இருக்கும். பறிபோவது ஜப்பான் தொடர் வாய்ப்பு மட்டும்.

2025இல் ஹன்ஷின் டிஎன்ஏவை ஒரு ஆட்டம்கூட விடாமல் கடந்தது. பிறகு ஜப்பான் தொடரில் சாஃப்ட்பேங்க் ஹாக்ஸிடம் 1–4 என்று தோற்றது.

கேள்வி: மழை வந்தால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமா?

5 இன்னிங்ஸ் முடிந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது. உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் நாலரை இன்னிங்ஸே போதும். அதற்கு முன் நிறுத்தினால் அந்த ஆட்டம் நடக்காததாகக் கணக்கு. அடித்த ஹோம் ரன்னும் அழியும், டிக்கெட் பணம் திரும்ப வரும். அதற்குப் பின் நிறுத்தினால் அந்த நிலையே முடிவு, பணம் வராது.

ரத்தான ஆட்டங்கள் செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபருக்கும் தள்ளப்படும். திறந்தவெளி மைதானத்து அணிகளுக்கு இந்தப் பாரம் அதிகம். ஆனால் ஜூனில் மழையால் கிடைக்கும் ஓய்வு ரிலீஃப் பிட்ச்சர்களுக்கு வரப்பிரசாதம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: சென்ட்ரல் லீக்கில் பிட்ச்சரும் பேட் செய்கிறாரே, எப்போது மாறும்?

2027 முதல். பசிஃபிக் லீக்கில் 1975 முதலே பிட்ச்சருக்குப் பதிலாக அடிக்க ஒருவரை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஜப்பானிய நட்சத்திரம் அமெரிக்கா போனால் பழைய அணிக்கு என்ன கிடைக்கும்?

எந்த வழியாகப் போகிறார் என்பதே கேள்வி. முதல் அணிப் பதிவில் 145 நாள் இருந்தால் ஒரு ஆண்டு. அப்படி 9 ஆண்டு சேர்ந்தால் வெளிநாடு போகும் சுதந்திரம் தானாக வரும், பழைய அணிக்கு ஒன்றும் கிடைக்காது. ஹன்ஷின் பிட்ச்சர் கியூஜி ஃபுஜிகாவா அப்படித்தான் போனார்.

அதற்கு முன் போக வேண்டுமானால் அணி சம்மதித்து 'போஸ்டிங்' முறையில் அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் அமெரிக்க அணிகள் மூடிய ஏலம் கேட்கும். 2006இல் ஹன்ஷின் பிட்ச்சர் கெய் இகாவாவுக்கு நியூயார்க் யாங்கீஸ் கேட்ட தொகை 2,60,00,194 டாலர். கடைசி 194 அந்த ஆண்டு அவர் எடுத்த ஸ்ட்ரைக்அவுட் (பிட்ச்சர் தன் வீச்சாலேயே பேட்டரை வெளியேற்றுவது) எண்ணிக்கை! இப்போது ஒப்பந்தத் தொகையில் பங்கு. முதல் 2.5 கோடி டாலரில் 20%, அடுத்த 2.5 கோடியில் 17.5%, அதற்கு மேல் 15%. 6 கோடி டாலர் ஒப்பந்தம் என்றால் 50 லட்சம், 43.75 லட்சம், 15 லட்சம், ஆக 1.0875 கோடி டாலர் பழைய அணிக்கு. இது வீரரின் சம்பளத்தில் பிடிக்கப்படுவதில்லை, அமெரிக்க அணி தனியே கட்டும்.

25 வயதும் 6 ஆண்டு அனுபவமும் இல்லாதவர் போனால் மைனர் லீக் ஒப்பந்தம் மட்டுமே. அப்போது பழைய அணிக்குக் கையெழுத்துத் தொகையில் 25%தான். பிட்ச்சர் ரோக்கி சசாகி 2025இல் அமெரிக்காவின் டாட்ஜர்ஸுக்குப் போனபோது அவருடைய பழைய அணி லோட்டேவுக்கு மிகக் குறைவாகக் கிடைத்தது இதனால்தான். சம்மதித்த அணி பெருந்தன்மையானதா ஏமாளியா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

கேள்வி: கோஷியனில் முதல்முறை ஆட்டம் பார்க்கப் போகிறேன். எங்கே உட்காரலாம், எதைக் கொண்டுபோகலாம்?

வலது வெளிக்களம் தீவிர ஹன்ஷின் ரசிகர்களின் கோட்டை. ஹன்ஷின் அடிக்கும் பாதி இன்னிங்ஸ் முழுக்க எழுந்து நின்று, ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டுப் பாடுவார்கள். எதிரணி அடிக்கும்போது உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்டத்தை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் அங்கே வேண்டாம், உள்களப் பக்கம் எடுங்கள். எதிரணி ஜெர்ஸி போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இடது வெளிக்களத்தில் ஒரு சின்னப் பகுதி ஒதுக்கியிருக்கும். அந்த ஜெர்ஸியோடு வலது வெளிக்களத்துக்குள் நுழைய விடமாட்டார்கள்.

பெரிய கூரை உள்களத்துக்கு மட்டுமே. ஆல்ப்ஸ் எனப்படும் பக்கவாட்டு இருக்கைகளும் வெளிக்களமும் திறந்தவெளி. குடை விரிக்கக் கூடாது, மழைக்கோட்டு எடுத்துச் செல்லுங்கள். பகல் ஆட்டமென்றால் தொப்பி கட்டாயம் வேண்டும்.

கண்ணாடிப் புட்டிகளும் கேன்களும் உள்ளே போகாது. வாசலில் காகிதக் கோப்பை தருவார்கள், அதில் ஊற்றிக்கொண்டு போகலாம். ஒசாகா-உமேடாவிலிருந்து ஹன்ஷின் ரயிலில் கோஷியன் நிலையம் சுமார் 15 நிமிடம், இறங்கினால் மைதானம் எதிரிலேயே. திரும்பும் டிக்கெட்டை வரும்போதே வாங்கிவிடுங்கள், அல்லது ரயில் அட்டையில் முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் இயந்திரத்தின் முன் நிற்கும் வரிசை சாதாரணமாக இருக்காது.